நுண்ணுயிரியல் படித்த பிள்ளைகள் எந்த வாசலைத் தட்டலாம்?

பட்டம் பெற்ற மூன்றாம் மாதத்தில் ஒரு மகளும் அவளுடைய தாயாரும் நம்மைப் பார்க்க வந்தார்கள். தாராவியில் வாடகை வீடு. தகப்பனார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, தோல் பட்டறையில் வேலைபார்க்கிறவர். மகள் பி.எஸ்சி. நுண்ணுயிரியலில் முதல் வகுப்பில் தேறியவள். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு மார்போடு அணைத்திருந்தாள்.

“பிரதர், இவ அப்பா ஓவர்டைம் பாத்துத்தான் இவளப் படிக்க வச்சாங்க. ஆஸ்பத்திரி லேப்ல போய் நின்னா டி.எம்.எல்.டி. இருக்கான்னு கேக்குறாங்க. மருந்துக் கம்பெனியில முன் அனுபவம் இருக்கான்னு கேக்குறாங்க. சொந்தக்காரங்க பி.எட். சேத்துவிடுங்கிறாங்க. இன்னும் கடன வாங்கி எம்.எஸ்சி. படிக்க வைக்கிறதா, இல்ல மாப்பிள்ள பாக்குறதா?” என்று அந்தத் தாயார் கேட்டார்கள்.

மகள் தலைகுனிந்து நின்றாள். தான் தேர்ந்தெடுத்த படிப்பே தவறோ என்ற கலக்கம் அவள் முகத்தில் தெரிந்தது.

அன்பான பெற்றோரே, நகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி புதியதல்ல. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளைகள் பலர், அதற்கு அடுத்ததென எண்ணி இப்பாடத்தை எடுக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகே அடுத்த படியைப் பற்றி விசாரிக்கிறார்கள். இது வேலை இல்லாத படிப்பு அன்று. ஆனால் இந்தப் பட்டம் ஒரே சாவியால் எல்லாக் கதவுகளையும் திறப்பதும் அன்று. ஒவ்வொரு கதவுக்கும் தனிச் சாவி உண்டு. எந்தக் கதவு என்பதை மூன்றாம் ஆண்டு முடிவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டால், பணமும் காலமும் வீணாகாமல் காக்கப்படும்.

மருத்துவமனை ஆய்வகம்

பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. நுண்ணுயிரியல் என்பது ஒரு பாடத்தில் பெற்ற பட்டம். மருத்துவ ஆய்வக நுட்பம் என்பது ஒரு தொழிற்பயிற்சி. நோயாளியின் கையில் ஊசியேற்றி இரத்தம் எடுப்பது, இரத்த அணுக்களை எண்ணுவது, சர்க்கரையையும் உப்பையும் அளப்பது, திசுக்களைப் பதப்படுத்துவது ஆகியவற்றை எம்.எல்.டி. படித்தவர் பயின்றிருப்பார். நுண்ணுயிரியல் படித்தவர் கிருமிகளை ஆழ்ந்து கற்றிருப்பார், மற்றவற்றைத் தொட்டிருக்கமாட்டார். ஆகையால் ஆய்வக நுட்புநர் பணிக்கு மருத்துவமனைகள் டி.எம்.எல்.டி. அல்லது பி.எஸ்சி. எம்.எல்.டி. கேட்பதில் அநியாயம் ஒன்றுமில்லை.

இதற்கு வழி உண்டு. பட்டதாரிகள் சேரும் ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்புகள் பெருநகரங்களில் இருக்கின்றன. ரெயில்வே மருத்துவமனைகளின் ஆய்வகக் கண்காணிப்பாளர் பணிக்கு வெளியான விளம்பரங்களில், நுண்ணுயிரியல் உள்ளிட்ட உயிர் அறிவியல் பட்டத்துடன் டி.எம்.எல்.டி.யும் சேர்ந்திருக்கவேண்டும் என்றே தகுதி வகுக்கப்பட்டுள்ளது. பட்டமும் பட்டயமும் சேரும்போது ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தெருவுக்குத் தெரு பலகை மாட்டிய பயிற்சி நிலையங்கள் எல்லாம் அங்கீகாரம் பெற்றவை அல்ல. துணைமருத்துவப் பணியாளர்களைப் பதிவு செய்வதற்கான தேசியச் சட்டம் 2021ஆம் ஆண்டில் நிறைவேறியது. இனி அங்கீகாரமற்ற பட்டயத்தைக் கொண்டு நெடுந்தூரம் செல்ல இயலாது. பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டயத்தை வழங்கும் பல்கலைக்கழகம் அல்லது அரசு மன்றம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிருமிகளோடேயே மருத்துவமனையில் பணிபுரிய விரும்புவோருக்கு எம்.எஸ்சி. மருத்துவ நுண்ணுயிரியல் ஏற்றது. மருத்துவக் கல்லூரிகளில் இது பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பு. இரத்தத்தில் வளரும் கிருமி எது, அதற்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று கண்டறிவது, காசநோய்ச் சோதனை, மருத்துவமனைக்குள் தொற்று பரவாமல் காப்பது ஆகியவை இவர்களுடைய பணிகள். நோயைப் பற்றிய கருத்தை அறிக்கையில் எழுதும் பொறுப்பு மருத்துவருக்கே உரியது என்பதையும் அறிந்து செல்லவேண்டும்.

மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகும் வழியில் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிக்காமல் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்தவர்களை நுண்ணுயிரியல் துறையில் நியமிக்கச் சில ஆண்டுகள் இடமில்லாதிருந்தது. 2025 ஜூலையில் வெளியான தேசிய மருத்துவ ஆணைய விதிமுறைகள் அந்த வாசலை மீண்டும் திறந்தன. விதிகள் மாறும் என்பதற்கு இது ஒரு சான்று. ஐந்தாண்டுக்கு முன் படித்த அண்ணன் சொன்னதை மட்டும் நம்பிப் பிள்ளைகள் முடிவெடுக்கவேண்டாம்.

மருந்தும் தடுப்பூசியும்

பி.எஸ்சி. பட்டத்தோடு நேரே நுழையத்தக்க பெரிய வாசல் மருந்து ஆலைகளே. ஐதராபாத், பெங்களூரு, கோவா, தாராப்பூர், வாப்பி, அங்கலேஷ்வர், இமாச்சலத்தின் பத்தி என்று இவை பரவியுள்ளன. தடுப்பூசித் தொழிலில் 1966இல் தொடங்கிய புனேயின் சீரம் நிறுவனமும், 1996இல் தொடங்கிய ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனமும் உலகறிந்தவை.

ஊசிமருந்து செய்யும் ஆலையில் நுண்ணுயிரியலாளர் என்ன செய்கிறார்? அறையின் காற்றில் கிருமி உண்டா என்று தட்டுகளைத் திறந்துவைத்துப் பார்க்கிறார். பணியாளரின் கையுறையையும் அங்கியையும் சோதிக்கிறார். ஆலையில் பயன்படும் நீரை இடம் இடமாக எடுத்துச் சோதிக்கிறார். முடிந்த மருந்தின் மாதிரியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, 14 நாள் காத்திருந்து, ஒரு கிருமியும் வளரவில்லை என்று உறுதி செய்கிறார். காய்ச்சலை உண்டாக்கும் கிருமி நச்சு இருக்கிறதா என்று, குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு சோதிக்கிறார். அவர் கையொப்பம் இல்லாமல் அந்த மருந்து ஆலையை விட்டு வெளியேறாது.

இந்தக் கையொப்பத்தின் மதிப்பை அறிய மும்பையின் வரலாற்றையே பார்க்கலாம். 1896இல் இந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. ஒடெசாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் என்ற அறிஞர் இங்கே அதற்குத் தடுப்பூசி கண்டு, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். 1899இல் அவருடைய ஆய்வகம் பரேலில் அமைந்தது. 1925 முதல் அது ஹாஃப்கின் நிறுவனம் என்று வழங்குகிறது. தாராவியிலிருந்து அது தொலைவான இடமன்று.

ஆனால் 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் என்னும் ஊரில் ஒரு துயரம் நேர்ந்தது. அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில், ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் டெட்டனஸ் என்னும் இசிவு நோயால் மாண்டார்கள். பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அந்தப் புட்டியைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறையாகக் கிருமிநீக்கப்படாமல் மீண்டும் பயன்பட்டதும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டன. 1907இல்தான் அவர்மேல் இருந்த பழி நீங்கியது.

தரையில் விழுந்த ஓர் இடுக்கி, பத்தொன்பது உயிர்கள். இன்று மருந்து ஆலையில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவேடும் அப்படிப்பட்ட கவனக்குறைவைத் தடுக்கவே இருக்கிறது. அயல்நாட்டு ஆய்வாளர்கள் நம் நாட்டு ஆலைகளுக்கு வந்தால் முதலில் கேட்பதும் அந்தப் பதிவேடுகளைத்தான். பார்க்காத தட்டுக்கு எண் எழுதியதும், செய்யாத சோதனைக்கு முடிவு எழுதியதும் கண்டுபிடிக்கப்பட்டு, ஏற்றுமதியே நின்றுபோன ஆலைகள் உண்டு. ஆகவே தம்பி தங்கையரே, நேர்முகத் தேர்வில் உங்கள் மதிப்பெண்ணைக் காட்டிலும் அதிகமாக எடைபோடப்படுவது, உங்கள் எழுத்தை நம்பலாமா என்பதே.

இந்த வாசலின் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. முதல் ஈராண்டுகள் கற்றுக்கொள்ளும் காலம் என்று பொறுத்துக்கொள்ளவேண்டும். ஆலைகள் ஊருக்கு வெளியே இருக்கும். ஷிப்ட் முறையில் வேலை இருக்கும். பெண்பிள்ளைகள் தங்கும் இடத்தையும், இரவில் திரும்பி வரும் வண்டி வசதியையும் முன்னதாகவே விசாரியுங்கள். கிருமிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஆராதனை நாளில் வேலை வருமா, முறை மாற்றிக்கொள்ள இயலுமா என்று சேருவதற்கு முன்பே பணிவோடு கேட்பதில் தவறில்லை. சாராய, பீர் ஆலைகளும் நொதித்தல் படித்தவர்களை அழைக்கும். மனச்சாட்சி இடங்கொடாதவர்கள் வருந்தத் தேவையில்லை. அதே கலை நுண்ணுயிர்க்கொல்லி, நொதி, வைட்டமின், தடுப்பூசி ஆகியவற்றைச் செய்யவும் தேவைப்படுகிறது.

உணவும் குடிநீரும்

நம்மவர்கள் அதிகம் அறியாத வாசல் இது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு, 2011இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளின்படி உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆவதற்குரிய பட்டங்களில் நுண்ணுயிரியலும் ஒன்று. உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் முதலியவையும் அப்பட்டியலில் உள்ளன. வேதியியல் படித்தவருக்கு முதுகலை தேவைப்படும் இந்தப் பதவிக்கு, நுண்ணுயிரியல் படித்தவருக்கு இளங்கலைப் பட்டமே போதுமானது. உணவகத்தையும் ஆலையையும் சோதனையிட்டு மாதிரி எடுக்கும் அதிகாரமுள்ள அரசுப் பணி இது. மாநிலங்கள் தேர்வு நடத்தி ஆள் எடுக்கின்றன. அந்தந்த மாநில மொழியறிவு தேவைப்படுவதுண்டு. மும்பையில் பிறந்து மராத்தி பேசும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பலம்.

இதே சட்டத்தின்கீழ் உணவுப் பகுப்பாய்வாளர் என்ற உயர்ந்த பொறுப்பும் உண்டு. நுண்ணுயிரியல், வேதியியல் போன்றவற்றில் முதுகலைப் பட்டமும், உணவுப் பகுப்பாய்வில் மூன்றாண்டு அனுபவமும் பெற்று, அதற்கென நடத்தப்படும் தேர்விலும் தேறவேண்டும்.

தனியார் துறையில் பால் பண்ணைகள், பிஸ்கட், ஐஸ்கிரீம் ஆலைகள், உணவுச் சோதனைக் கூடங்கள் ஆகியவை நுண்ணுயிரியலாளரை நியமிக்கின்றன. கொச்சி, தூத்துக்குடி, வெராவல் போன்ற துறைமுகப் பகுதிகளில் இறாலும் மீனும் ஏற்றுமதி செய்யும் ஆலைகள் உண்டு. சால்மோனெல்லா கிருமி கண்டறியப்பட்டால் ஒரு கப்பல் சரக்கே திருப்பி அனுப்பப்படலாம். ஆகையால் அங்கே சோதனைக் கூடம் உயிர்நாடி போன்றது.

பாட்டில் குடிநீர் ஆலைகளிலும் பலர் முதல் வேலையைப் பெறுகிறார்கள். இங்கும் விதி மாறியிருக்கிறது. பி.ஐ.எஸ். சான்று கட்டாயம் என்ற நிபந்தனை 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் பாட்டில் குடிநீர், அதிக அபாயமுள்ள உணவுப் பிரிவில் சேர்க்கப்பட்டது. சான்றுக்காக மட்டும் ஒருவர் பெயரைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, கூடத்தையே திறக்காத சிறு ஆலைகளும் இருப்பதுண்டு. மாதம் ஒருமுறை வந்து கையொப்பமிட்டுப் போகச் சொல்லும் வேலை எவ்வளவு பணம் தந்தாலும் வேண்டாம். நாளை வழக்கு வந்தால் அந்தக் காகிதத்தில் இருப்பது உங்கள் பெயரே.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் குடிநீர்ச் சோதனைக் கூடங்களும் நாடெங்கும் கவனம் பெற்றுள்ளன. மாநகராட்சிகளின் குடிநீர்க் கூடங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் ஆகியவற்றின் விளம்பரங்களையும் பார்த்துவாருங்கள்.

ஆராய்ச்சியும் ஆசிரியப் பணியும்

படிப்பில் ஆர்வமும் பொறுமையும் உள்ள பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி உகந்தது. இதில் பெற்றோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நல்ல இடத்தில் எம்.எஸ்சி. படிக்க எப்போதும் பெருங்கடன் தேவையில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வும், ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வின் உயிர்த்தொழில்நுட்பத் தாளும், உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஆதரவு பெற்ற முதுகலைப் படிப்புகளுக்குக் காட்-பி தேர்வும் வழிகளாகும். புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் 1952இல் தொடங்கப்பட்டது, அங்கே எம்.எஸ்சி. நச்சுயிரியல் படிக்கலாம். கொசுக்களால் பரவும் நோய்களை ஆராயும் புதுச்சேரி நிறுவனத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் முதுகலை உண்டு.

எம்.எஸ்சி. முடித்தபின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாள் எழுதி, இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேறினால், முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் இத்தொகை நடைமுறையில் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர்., உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆகியவையும் உதவித்தொகை வழங்குகின்றன. போட்டி கடினமானது. முதல் முயற்சியில் தேறாதவர் மிகுதி. இரண்டு ஆண்டு முயன்று பார்ப்பது என்று முன்னரே ஒரு வரம்பு வைத்துக்கொள்வது குடும்பத்துக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

பி.எட். பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தத் தாயாரிடம் உறவினர் சொன்ன யோசனையில் ஒரு கண்ணி இருக்கிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் முதுகலை உயிரியல் ஆசிரியர் பதவிக்கு நுண்ணுயிரியல் முதுகலையும் தகுதியாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் பட்டப்படிப்பில் தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. நுண்ணுயிரியலை மட்டும் தனிப்பாடமாகப் படித்தவர்கள் இதைக் கவனியாமல் பி.எட். முடித்துவிட்டு, விண்ணப்பிக்கும்போது திகைக்கிறார்கள். மாநிலப் பள்ளிகளுக்கு விதிகள் வேறுபடும். முதலில் பழைய விளம்பரத்தை எடுத்துத் தகுதிப் பகுதியை வாசியுங்கள். பிறகு கட்டணம் கட்டுங்கள்.

கூடத்துக்கு வெளியே

எல்லாரும் வாழ்நாள் முழுவதும் பெட்ரித் தட்டோடு இருக்கவேண்டியதில்லை. மருந்து ஆலைகளில் தர உறுதிப் பிரிவு, அரசு அனுமதிகளைக் கவனிக்கும் பிரிவு, ஆய்வகக் கருவிகளை விற்றுப் பயிற்சி அளிக்கும் பணி ஆகியவற்றுக்குக் கூட அனுபவம் உள்ளவர்களை விரும்பி எடுக்கிறார்கள். சட்டத்தில் நாட்டமுள்ளவர்கள், அறிவியல் பட்டதாரிகள் எழுதத்தக்க காப்புரிமை முகவர் தேர்வையும் நினைவில் வைக்கலாம்.

மூன்றாம் ஆண்டில் செய்யவேண்டியவை

முதலாவது, கோடை விடுமுறையில் ஒரு மாதமாவது உண்மையான கூடம் ஒன்றில் பயிற்சி பெறுங்கள். பெரிய பெயர் வேண்டாம். சிறிய பால் சோதனைக் கூடமும் போதும். இரண்டாவது, கல்லூரியில் செய்த ஒவ்வொரு சோதனையையும் ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லப் பழகுங்கள். ஆட்டோகிளேவில் 121 டிகிரி ஏன், 15 நிமிடம் ஏன் என்று கேட்டால் விழிக்கிற முதல் வகுப்புக்காரர்கள் உண்டு. மூன்றாவது, ஆங்கிலத்தில் தெளிவாக ஓர் அறிக்கை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். நான்காவது, வேலை வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் எவருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆளை எடுக்கிற நிறுவனம் ஆளிடம் பணம் கேட்பதில்லை.

அந்த மகளுக்கு என்ன சொன்னோம்? கடன் வாங்கி உடனே எம்.எஸ்சி. சேரவேண்டாம், ஓராண்டு வேலை பார்த்துக்கொண்டே உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்கும் முதுகலை நுழைவுத் தேர்வுக்கும் படிக்கட்டும் என்றோம். நவி மும்பைப் பக்கம் உணவும் நீரும் சோதிக்கும் சிறிய கூடம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். கால் சென்டருக்குப் போகும் அவளுடைய அத்தை மகள் இவளைவிட அதிகம் சம்பாதிக்கிறாள் என்று தாயாருக்குச் சற்று மனத்தாங்கல் இருந்தது.

நான்காம் மாதத்தில் அவளே வந்து ஒரு செய்தி சொன்னாள். வெள்ளிக்கிழமை இட்ட தட்டுகளை 48 மணி நேரத்தில், அதாவது ஞாயிறன்று எண்ணவேண்டும். அந்த ஞாயிறு வரவேண்டிய முறை இன்னொருவருடையது. அவர் வரவில்லை. திங்கட்கிழமை மேற்பார்வையாளர் பதிவேட்டை இவளிடம் நீட்டி, வழக்கமாக வரும் எண்ணை எழுதிவிடச் சொல்லியிருக்கிறார். இவள் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, ‘பார்க்கப்படவில்லை’ என்று எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறாள். சோதனையை முதலிலிருந்து செய்யவேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் சத்தம் போட்டார். மேற்பார்வையாளர் ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

“வேலை போயிருமோன்னு பயமா இருந்திச்சு அங்கிள். ஆனா அது ஒரு ஸ்கூலுக்குப் போற தண்ணி” என்றாள்.

வேலை போகவில்லை. இப்போது அவளும் சக பணியாளர் ஒருவரும் ஞாயிறுகளை மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தன் முறை வரும் வாரத்தில் விடியற்காலை ரெயிலில் போய்த் தட்டுகளை எண்ணி எழுதிவிட்டு, ஆராதனை தொடங்குமுன் திரும்பிவிடுகிறாள். தேர்வு விளம்பரத்துக்காகக் காத்திருக்கிறாள். மராத்திப் பாடப் புத்தகம் ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கிறது.